கூரைச் சூட்டுக்கு யாரிடம் யோசனை கேட்பது?

சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வெளியே மலைப்பக்கமிருந்து காற்று வரத் தொடங்கியிருக்கும். உள்ளே இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளும். பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை நாலு மணி நேரம் போலத் தாமதித்து அறைக்குள் இறக்குகிறது. மதியம் ஒரு மணி வெயில் மாலையில்தான் படுக்கையறைக்கு வந்து சேர்கிறது.

இதற்குத் தீர்வு சொல்ல ஆள் பஞ்சம் கிடையாது. பெயிண்ட் கடையில் ஒன்று சொல்வார்கள், கொத்தனார் ஒன்று சொல்வார், சீலிங் போடுபவர் ஒன்று சொல்வார். மூன்றும் மூன்று விதமான செலவு. பெரும்பாலும் அவரவர் விற்பதே அவரவர் யோசனையாக வரும். அது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது; தெரிந்த தொழிலைத்தானே எவரும் சொல்வார்? ஆகவே கேட்பவர் கையில் சில அளவுகள் இருக்க வேண்டும். பணத்தை இறக்கும் முன் அந்த அளவுகளை எப்படி எடுப்பது, யாரிடம் எதைக் கேட்பது, வரும் பதிலை எப்படிச் சோதிப்பது என்பவைதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

யாரையும் கூப்பிடும் முன்: மூன்று நாள் கணக்கு

தேவையானவை: சாதாரண அறை வெப்பமானி இரண்டு, ஒரு நோட்டு, முடிந்தால் தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி. அது எலெக்ட்ரிக்கல் கடை நண்பரிடம் இரவல் கிடைத்தாலும் போதும்.

1. கூரை என்ன வகை என்று எழுதுங்கள். கான்கிரீட் தார்சா, மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸா, சீமை ஓடா, தகரமா, சிமென்ட் தகடா? கட்டிய ஆண்டும் தெரிந்தால் நல்லது.
2. மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். தார்சு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு உண்டா, தட்டோடு உண்டா, வெறும் சிமென்ட் பூச்சா? மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் அடுக்குகளின் தடிமன் தெரியும்.
3. ஒழுகல், ஈரக்கறை, கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்த இடம், மழைக்குப் பின் தண்ணீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு படமாக வரைந்து குறியுங்கள்.
4. வெயில் காயும் மூன்று நாட்களில் காலை 6, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு மூன்று அளவு எடுங்கள்: வெளியே நிழலில், அறையில் கட்டில் உயரத்தில், கூரையின் அடிப்பரப்பில். சாதாரண வெப்பமானியைக் கூரையோடு ஒட்டி டேப் போட்டு, கால் மணி நேரம் விட்டுப் படிக்கலாம்.
5. அதே நேரத்தில் மேற்குச் சுவரின் உட்பக்கத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கூரையின் அடிப்பரப்பு அறைக்காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தால் குற்றவாளி கூரைதான். கூரையும் காற்றும் ஒன்றுபோல இருந்து மேற்குச் சுவர் மட்டும் கொதித்தால், கூரைக்குச் செய்யும் செலவு வீண். ஒரு வேப்பமரமோ, சுவருக்கு வெளியே தட்டியோ, வெள்ளைப் பூச்சோ அங்கே கூடுதல் வேலை செய்யும்.

குறிப்பு: மேலே ஏறி அளக்கும்போது செருப்பைக் கழற்றாதீர்கள். மே மாதத்துத் தட்டோடு காலைப் பொசுக்கிவிடும்.

ஓட்டு வீட்டு மச்சு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் ராஜபாளையத்துப் பழைய தெருக்களிலும் சாய்வான ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மச்சு உள்ள வீடுகளை இன்னும் பார்க்கலாம். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஆள் குனிந்து போகிற அளவு இடம். மேல்நாட்டுப் புத்தகங்களில் கூரைக் காப்பு (இன்சுலேஷன்) பற்றிப் படித்துவிட்டு வருபவர்களுக்கு நேராகப் பொருந்தும் இடம் இது ஒன்றுதான். ஆனால் அங்கே குளிரைத் தடுக்கிறார்கள், நாம் வெயிலைத் தடுக்கிறோம். அதனால் வரிசை மாறும்.

1. காலி செய்யுங்கள். பழைய பாத்திரம், அரிசிப் பானை, கல்யாணப் பாய், தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகம் எல்லாம் இறங்க வேண்டும். அப்போதுதான் மரம் தெரியும்.
2. மரத்தைச் சோதியுங்கள். ஆசாரியைக் கூப்பிட்டு விட்டம், கைமரம், சட்டம் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் மண்ணோ, வண்டு துளைத்த மாவோ இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம்.
3. ஓட்டை மாற்றுங்கள். உடைந்த சீமை ஓடு ஒன்றிரண்டானாலும் மாற்றியே ஆக வேண்டும். நனைந்த காப்புப் பஞ்சு காப்பாகாது, மரத்தையும் உளுக்கவைக்கும்.
4. காற்றுக்கு வழி விடுங்கள். முக்கோணச் சுவர் இரண்டிலும் எதிரெதிரே திறப்பு வைத்தால், ஓட்டுக்கடியில் தேங்கும் சூடு வெளியேறும். பல வீடுகளில் பழைய காலத்துத் துவாரமே இருக்கும். யாரோ ஒருவர் அணிலுக்குப் பயந்து சிமென்ட் வைத்து அடைத்திருப்பார். திறந்து கம்பிவலை அடியுங்கள். (செண்பகத்தோப்புச் சாம்பல் நிற மலையணில் ஊருக்குள் வராது. பஞ்சைக் கிழித்துக் கூடு கட்டுவது முதுகில் கோடு போட்ட நம் வீட்டு அணில்தான்.)
5. பளபளப்பான அலுமினியத் தாள். ஓட்டுக்குக் கீழே, கைமரங்களின் அடியில் இழுத்துக் கட்டப்படும். பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குலம் காற்று இடைவெளி வேண்டும். இடைவெளியின்றி எதனோடாவது ஒட்டிவிட்டால் அது வெறும் தாள். ஒரு பக்கம் மட்டுமே பளபளப்பு என்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பலன் குறையும்.
6. கடைசியாகப் பஞ்சு. மச்சுப் பலகை மேல் இரண்டு அங்குல ராக்வுல் விரிக்கலாம். நடக்க ஒரு பலகைப் பாதை விட்டுவிடுங்கள்.

நாலாவதும் ஐந்தாவதும் மட்டுமே பல வீடுகளுக்குப் போதும். ஆறாவதுக்குப் போகும் முன் ஒரு கோடையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் கட்சி.

எச்சரிக்கை: மச்சில் ஓடும் பழைய மின்கம்பிகளைப் பஞ்சால் மூடாதீர்கள். துணி சுற்றிய கம்பி, திறந்த முடிச்சு, கூரைக்குள் பதித்த விளக்கு எதுவானாலும் மூடினால் சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து கம்பியை மாற்றிக் குழாய்க்குள் போட்ட பிறகே பஞ்சு.

கான்கிரீட் தார்சு

ராம்கோ சிமென்ட்ஸின் பதிவு அலுவலகமே இருக்கிற ஊர் ராஜபாளையம். ஆகவே எல்லோரும் தார்சுக்கு மாறியதில் ஆச்சரியமில்லை. தார்சுக்கு வெயிலை மூன்று விதமாகத் தடுக்கலாம்: மேலே நிழல் போடுவது, வெயிலைத் திருப்பியடிப்பது, காப்பு அடுக்கு வைப்பது.

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கும் என்பதை 'யு மதிப்பு' என்கிற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய நல்லது. வீடுகளுக்காக மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் வீட்டுக் கூரைகள் எங்கே நிற்கின்றன என்று தோராயமாகப் பாருங்கள்:

- ஐந்து அங்குல வெறும் தார்சு: 3.5 அளவில்
- அதன் மேல் நாலு அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும்: 2.2 அளவில்
- வெறும் தார்சு மேல் ஓர் அங்குலத் தெர்மோகோல் வகைக் காப்பு: 1 அளவில்
- இரண்டு அங்குலம்: 0.6 அளவில்

"தட்டோடு போட்டா குளுகுளுன்னு இருக்கும்" என்கிற பேச்சின் அளவு இதுதான். பலன் உண்டு, ஆனால் பாதிக்கும் குறைவு. ஓர் அங்குலக் காப்பு நாலு அங்குல ஜல்லியைத் தோற்கடிக்கிறது. இன்னொன்று, எடை. ஆயிரம் சதுர அடிக்கு நாலு அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு ஏறத்தாழ 17 டன். பொறியாளர் பார்க்காமல் பழைய தளத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது. மெட்ராஸ் டெரஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம்: மேலே எடை கூடாது, தண்ணீர் கட்டிச் சோதனையும் கூடாது. சுண்ணாம்புப் பூச்சும் பந்தலும்தான் அதற்கு.

வெள்ளைப் பூச்சு யு மதிப்பை மாற்றாது. கூரை வாங்கும் வெயிலைக் குறைக்கும். பழைய கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கை உறிஞ்சும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்ததும் இதை நம்பித்தான்.

காசில்லாத ஆலோசகர்: சோதனைப் பூச்சு

எவர் பேச்சையும் நம்பாமல் உங்கள் கூரையிடமே கேட்க ஒரு வழி இருக்கிறது.

1. ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்த இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஓர் அறைக்கு மேலே மட்டும் தளத்தைப் பெருக்கி, கழுவி, லேசாக ஈரப்படுத்துங்கள்.
3. நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, கொஞ்சம் பசை சேர்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு கோட்டு அடியுங்கள். இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்கே போகட்டும்.
4. ஒரு வாரம் கழித்து இரண்டு அறையிலும் பழைய நான்கு நேரங்களில் அளவெடுங்கள்.

வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லையென்றால் விலையுயர்ந்த வெள்ளைப் பூச்சும் உங்களுக்குப் பெரிதாக உதவாது. சூடு வேறு வழியில் வருகிறது. இரண்டு மூன்று டிகிரி என்றால், நீடித்து நிற்கும் பூச்சுக்குக் காசு போடுவதில் அர்த்தமுண்டு.

எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீர்க்கவைப்பதானால், தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை. குழந்தைகளை மாடிக்கு அனுப்ப வேண்டாம்.

யாரிடம் எதைக் கேட்பது

*கொத்தனார், மேஸ்திரி.* தளத்தின் நிலை, சரிவு, ஒழுகல், பழைய அடுக்கு ஆகியவற்றில் இவரை மிஞ்ச ஆளில்லை. காப்புப் பொருள்களில் பலருக்குப் பழக்கம் குறைவு. கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. பொதுவாக நடப்பது இது:

"மேஸ்திரி, வெக்கை தாங்கல. என்ன செய்யலாம்?"

"தட்டோட்டப் பேத்துட்டு புதுசாப் போட்டுட்டாச் சரியாப் போயிரும் சார்."

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"மேஸ்திரி, இந்தத் தார்சு மேல ஜல்லி எத்தன இஞ்சு கெடக்கு? மூலையில லேசாத் தட்டிப் பாத்துச் சொல்றீங்களா?"

"மூணு இருக்கும் சார். ஆனா இந்தப் பக்கம் பொத பொதன்னு இருக்கு, தண்ணி எறங்கியிருக்கு. இத மொதல்ல பாக்கணும். இது மேல எதப் போட்டாலும் நிக்காது."

ஆள் மாறவில்லை, கேள்விதான் மாறியது. இரண்டாவது பதில் காசு பெறும்.

*பெயிண்ட் கடை.* கடை அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, பொருளின் தரவுத் தாளை. அதில், வெயிலைத் திருப்புவதையும் ஏறிய சூட்டை வெளிவிடுவதையும் சேர்த்துச் சொல்லும் எஸ்.ஆர்.ஐ. என்கிற எண்ணும், வெயில் திருப்பும் அளவும் இருக்க வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு எரிசக்தி விதி, குளிர்கூரைக்குக் குறைந்தது 0.60 திருப்பும் அளவு கேட்கிறது. மூன்று ஆண்டு கழித்து அந்த எண் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். புது எண்ணை மட்டும் காட்டுகிற தாள் பாதித் தாள்தான். 'வாட்டர் புரூஃப்' என்று அச்சிட்ட டப்பாவைச் சூட்டுக்கும் சேர்த்து விற்பது வாடிக்கை. ஒழுகலைத் தடுக்கிற எல்லாப் பூச்சும் வெயிலைத் தடுக்காது, அதுவும் சாம்பல், செங்கல் நிறத்தில் இருந்தால் தடுக்கவே தடுக்காது.

*பொறியாளர்.* நகராட்சியில் பதிவு செய்த பொறியாளர்களின் பட்டியல் இருக்கும். தளத்தில் எடை ஏற்றுவதானால், விரிசல் இருந்தால், மேலே மாடி எழுப்பும் எண்ணமிருந்தால் இவரிடம் கட்டணம் கொடுத்தே கேளுங்கள். இலவச யோசனைக்குப் பின்னால் எதையாவது விற்கும் அவசரம் இருக்கும். கட்டணம் வாங்குபவருக்கு அந்த அவசரம் இல்லை. வேலையையும் அவரே எடுத்துச் செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

*கல்லூரி.* கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் சிவில் துறை உண்டு. உங்கள் மூன்று நாள் கணக்கோடு போய் ஒரு பேராசிரியரைப் பாருங்கள். புராஜெக்ட் தேடும் இறுதியாண்டு மாணவர்களுக்கு அளவெடுக்க ஒரு வீடு கிடைத்தால் அவர்களுக்கும் லாபம். வாய்ப்பு நிச்சயம் என்று சொல்லவில்லை. கேட்டால் நட்டமில்லை.

*அக்கம்பக்கம்.* போன வருடம் வேலை செய்தவரை விடுங்கள். நாலைந்து மழைக்காலம் கண்ட கூரையைத் தேடிப் போய்ப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து பேசினாலே பாதி தெரிந்துவிடும்.

எல்லோரிடமும் கேட்க வேண்டிய எட்டு கேள்விகள்

1. காப்பு தளத்துக்கு மேலா, கீழா? ஏன்?
2. பொருளின் பெயர், தடிமன், அடர்த்தி என்ன?
3. எந்த ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண்? தெர்மோகோலுக்கு ஐ.எஸ். 4671, பியூஃப் (பாலியூரித்தேன் நுரை) பலகைக்கு ஐ.எஸ். 12436, ராக்வுல்லுக்கு ஐ.எஸ். 8183.
4. செய்து முடித்தபின் கூரையின் யு மதிப்பு எவ்வளவு? எப்படிக் கணக்கிட்டீர்கள்?
5. நீர்த்தடுப்பு எந்த அடுக்கில் வருகிறது? மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? பத்து அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு கிடைக்குமா?
6. இதிலிருந்து வரும் மழைநீரைத் தொட்டியில் பிடிக்கலாமா? தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் இது முக்கியம்.
7. தீப்பிடித்தால் இந்தப் பொருள் என்ன ஆகும்?
8. எத்தனை டிகிரி குறையும்? எங்கே அளந்தால்?

எட்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள். "இருபது டிகிரி குறையும்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மேல்பரப்பில் அப்படிக் குறையலாம். நீங்கள் தூங்குவது மேல்பரப்பில் அல்ல. கட்டில் உயரத்தில் 2 முதல் 5 டிகிரி என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கு மேல் சொல்பவரிடம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

கடையில் காட்டும் வித்தை

அலுமினியத் தாள் விற்பவர் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி, "பாருங்க, தகரம் அறுபது, நம்ம ஷீட்டு முப்பத்தஞ்சு" என்பார். பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தக் கருவி தன் வேலையைச் செய்யாது. தாளின் சூட்டைக் காட்டாமல், அதில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறத்தின் சூட்டைத்தான் பெரும்பாலும் காட்டும். தாளின் மேல் இரண்டு அங்குலம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளக்கச் சொல்லுங்கள். வரும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம். தாள் மோசம் என்பதல்ல; இடைவெளி விட்டுக் கட்டினால் நல்ல பொருள்தான். கடைக்காரர் காட்டும் வித்தைதான் அதை நிரூபிக்காது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*ஒழுகலை மூடிவிட்டுக் காப்பு போடுவது.* தண்ணீர் அடியில் மாட்டிக்கொண்டு கம்பியை அரிக்கும். தண்ணீர் நின்ற இடத்தில் தெர்மோகோலைவிட எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன்) பலகை தாங்கும். அது தண்ணீர் குடிக்காது.

*சில்வர் பெயிண்ட்.* வெள்ளியாக மின்னினால் வெள்ளையைவிட நல்லது என்று தகரக் கூரைக்கு அடிக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை லேசில் வெளியே விடாது. வெள்ளைதான் குளிரும்.

*வெறும் தெர்மோகோலைச் சீலிங்கில் ஒட்டுவது.* மலிவு, உடனடி, ஆபத்து. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை மூச்சை அடைக்கும். உள்பக்கம்தான் வழி என்றால் தீத்தடுப்பு ரகத்தை வாங்கி, ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். தார்சுக்கு மேலே வைக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு. சூடு தளத்துக்குள் ஏறாததால் தளமும் விரிந்து சுருங்கி வெடிக்காது.

*பந்தலை இளக்காரமாக நினைப்பது.* ஏழடி உயரத்தில் பச்சை வலை கட்டி, அடியில் காற்று ஓடவிட்டால் பல காப்புகளுக்குச் சமம். சூரிய மின்தகடு போடும் எண்ணமிருந்தால் அதன் நிழலும் சேர்ந்து கிடைக்கும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். தென்னங்கிடுகு மட்டும் வேண்டாம், ஒரு வாணம் விழுந்தால் முடிந்தது.

*காலம் பார்க்காமல் தொடங்குவது.* தை, மாசி சரியான மாதங்கள். ஆடிக்காற்று செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கினால் வலை கிழியும், சரியாக முடுக்காத தகரம் பறக்கும். ஐப்பசியில் அடித்த பூச்சு காயாமலே கழுவிக்கொண்டு போகும்.

மதிப்பீட்டைத் தாளில் வாங்குங்கள்

குறைந்தது இரண்டு பேரிடம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதியதை ஏற்காதீர்கள். பொருள், தடிமன், எத்தனை கோட்டு, பழைய பூச்சைச் சுரண்டும் கூலி, குப்பை அள்ளும் வண்டி, உத்தரவாத ஆண்டு எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். பூச்சு என்றால் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று டப்பாவிலேயே இருக்கும். உங்கள் மாடியின் அளவை அதனால் வகுத்து, கோட்டால் பெருக்கி, எத்தனை டப்பா வர வேண்டும் என்று நீங்களே கணக்கிடுங்கள். காலி டப்பாக்களை வேலை முடியும் வரை மாடியிலேயே அடுக்கச் சொன்னால், தண்ணீர் ஊற்றி நீட்டுகிற ஆசை யாருக்கும் வராது.

முன்பணம் பொருள் வந்து இறங்கிய பின். கடைசிப் பங்கு ஒரு நல்ல மழை பார்த்த பின் என்று பேச முடிந்தால் பேசுங்கள். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்று சொல்லிச் சில ஆயிரம் மிச்சம் பிடித்தால், பின்னால் முறையிடும்போது கையில் காட்ட எதுவும் இருக்காது. பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பாதுகாப்பு

- சிமென்ட் தகடு பழையதானால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். துளை போடாதீர்கள், உப்புத்தாள் தேய்க்காதீர்கள், கம்பித் துடைப்பத்தால் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மென்மையான துடைப்பத்தால் கழுவி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பது சரி. அதன் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு நடக்க வேண்டும்.
- மாடிக்கு அருகே மின்வாரியக் கம்பி போனால், நீளமான தகரம், குழாய், ஏணி எதையும் தூக்கும் முன் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.
- கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் தனியாக வேலை வேண்டாம். ஈரமான வெள்ளைப் பூச்சு வழுக்கும். வெயிலில் கண்ணைக் கூசவைத்து விளிம்பையும் மறைக்கும்.
- ராக்வுல் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம். மச்சுக்குள் மதியம் ஏறாதீர்கள். காலை பத்து மணிக்குள் முடித்து இறங்குங்கள், கீழே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும்.
- வேலையாட்களுக்கு நிழலும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மாடியில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

அடுத்த சித்திரையில் அதே நான்கு நேரங்களில், அதே இடங்களில், மூன்று நாட்கள் அளந்து பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். வெளி நிழல் ஒரே அளவு இருந்த நாட்களை மட்டும் ஒப்பிட வேண்டும். வெள்ளைக் கூரையானால் ஒவ்வொரு பங்குனியிலும் பாசியையும் தூசியையும் கழுவி விடுங்கள். முதல் மழைத்தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள்.